இரண்டாம் சரணத்து வயலின்

வாசகரே, இந்தப் பக்கத்தில் உங்களுக்கு நடுவர் ஆசனம் இல்லை. தீர்ப்புச் சொல்லும் ஒருவரை முன்னால் இருத்திப் பேசியே பழகியவன் நான். பள்ளி விவாத அணியிலிருந்து இன்றுவரை நான் திறந்த வாயை மூடச் செய்தது நடுவரின் மணியோசை ஒன்றுதான். இன்று எனக்குத் தீர்ப்பு வேண்டாம். அது மருதனார்மடச் சந்தியில், மரக்கறிச் சந்தைக்கு முன்னால், இரண்டே வசனங்களில் ஏற்கெனவே சொல்லப்பட்டாயிற்று. உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நான் சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள். இடையில் எழுந்து போய்விடாதீர்கள். அப்படி எழுந்து போகிறவன் எதை இழக்கிறான் என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் இருக்கமாட்டார்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. வலிகாமத்துக் கலியாண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் மெல்லிசைக் கச்சேரி கேட்டவர்கள் அவரைக் கண்டிருப்பார்கள், ஆனால் கவனித்திருக்கமாட்டார்கள். பாடகர்களுக்குப் பின்னால், இடப்பக்க மூலையில், கீபோர்ட்டின் மேல் குனிந்தபடி ஓர் உயரமான மனிதர். நாற்பதை எட்டாத வயது. ஹெட்போனின் ஒரு பக்கம் காதில் இருக்கும், மறுபக்கம் காதுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும். ஒரு காது குழுவுக்கு, மற்றக் காது சனத்துக்கு என்பார். ஒலியமைப்பாளர் வராத நாளில் ஒலிவாங்கிகளுக்கும் அவரே பொறுப்பு.

அப்படியொரு நாளில்தான் எங்கள் முதற் சந்திப்பு நிகழ்ந்தது. ஒரு கோயில் திருவிழா. எங்கள் பட்டிமன்றம் முடிந்ததும் அவர்களுடைய கச்சேரி. வழக்கம்போல் நாங்கள் நேரத்தை மீறிப் பேசினோம். நான் கைதட்டல்களோடு இறங்கி வந்தபோது, கோபத்தோடு காத்திருப்பார் என்று எண்ணிய மனிதர் சிரித்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, ஒண்டு சொன்னால் கோவிக்கமாட்டீரே?”

“சொல்லுங்கோ அண்ணை.”

“‘ஆகவே’ எண்டு சொல்லேக்கை ஒவ்வொரு முறையும் மைக்கை விட்டு விலகுறீர். பதினொரு ஆகவே. சனத்துக்கு ஏழுதான் கேட்டிருக்கும். மிச்ச நாலையும் நான் சத்தத்தைக் கூட்டித் தந்தனான்.”

என் பேச்சைப் பலர் புகழ்ந்திருக்கிறார்கள். அதில் வந்த ‘ஆகவே’க்களை எண்ணியவர் அவர் ஒருவர்தான். அன்று எனக்கு எரிச்சல் வந்தது. உண்மையைச் சொல்வதானால், அவர் பற்றிய என் நினைவுகள் எல்லாவற்றின் அடியிலும் அந்த எரிச்சல் கிடக்கிறது.

அவர் எதையும் முழுவதாகக் கேட்பார். அவருடைய குணம் முழுவதையும் இந்த ஒரு வசனத்துக்குள் அடக்கிவிடலாம். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால்கூடப் பரவாயில்லை. மற்றவர்களும் கேட்கவேண்டும் என்று நின்றார். ஒவ்வொரு நாளும் காலையில் என் கைப்பேசிக்கு ஒரு பாட்டின் இணைப்பு வரும். மட்டக்களப்பில் கிற்றாரோடு தனியே பாடும் ஒரு பிள்ளை, மலையகத்துத் தோட்டமொன்றில் தகரப் பீப்பாயைத் தட்டிச் சொல்லிசை செய்யும் இரண்டு பொடியள், எங்கள் பக்கத்துத் தேவாலயமொன்றின் பாடகர் குழு என, யாரும் அறியாதவர்களின் பாட்டுகள். கீழே எப்போதும் ஒரே கேள்வி: “முடியுமட்டும் கேட்டனீரே?”

“அருமை அண்ணை” என்று பதில் போடுவேன். அந்த இரண்டு சொற்களையும் தட்டச்சு செய்ய எனக்கு எடுத்த நேரம்தான் அந்தப் பாட்டுகளுக்கு நான் கொடுத்த நேரமும்.

இணையத்திலே கலைஞர்களுக்கென்று இருக்கும் தளங்களை அவர் கண்டுபிடித்த காலத்தில் அவரோடு கதைப்பதே கடினமாயிற்று. தெல்லிப்பழையில் உள்ள அவர் வீட்டுக்கு யார் போனாலும் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டுவார். இதிலே பாட்டை ஏற்றலாம். அதிலே கேட்டவர் எந்த நாடு என்று பார்க்கலாம். இந்தப் பொத்தானை அமத்தினால் பாடியவருக்கே நேராகக் காசு போகும். தன்னோடு வாசித்த அத்தனை பேருக்கும் அவரே பக்கம் திறந்து கொடுத்தார். மிருதங்கக்காரரைச் சுவரோடு நிறுத்திப் படம் எடுத்தார். வாழ்க்கைக் குறிப்பும் எழுதினார். இலவசமாகக் கிடைத்த பாட்டுகளையும் காசு கொடுத்தே வாங்கினார். ஒருநாள் நான் போனபோது படிவம் ஒன்றின் முன் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார்.

“ஐசே, இதைப் பாரும். இசை வகை என்ன எண்டு கேக்குது. உலகத்திலை இருக்கிற எல்லாத்துக்கும் ஒரு பெட்டி வைச்சிருக்கிறாங்கள். எங்கடைக்குப் பெட்டியே இல்லை. கடைசியிலை ‘மற்றவை’ எண்டு ஒண்டு கிடக்கு.”

“அதைப் போடுங்கோவன் அண்ணை.”

“போட்டால்? நாங்கள் மற்றவையே?” பிறகு அவரே சிரித்தார். “சரி, மற்றவைதான். ஆனால் அந்தப் பெட்டியை நிரப்பிக் காட்டுவம்.”

குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவி குரல் கொடுத்தார். அவர் கணித ஆசிரியை. வார்த்தைகளைக் கணக்காகத்தான் செலவழிப்பார். “தம்பி, ஊரான்ரை பாட்டெல்லாம் இவர் ஏத்தி முடிச்சிட்டார். தன்ரை பாட்டு எங்கையெண்டு ஒருக்காக் கேளும்.”

“அது இன்னும் வேகேல்லை” என்றார் இவர்.

“பதினொரு வருசமா அடுப்பிலை கிடக்கு!”

மற்றவர்களின் பாட்டுகளை வாசிப்பதுதான் அவருடைய தொழில். சனம் கேட்கும் திரைப்படப் பாட்டுகளைச் சனம் கேட்கும் வேகத்தில் வாசிப்பார். அதைப்பற்றி ஒருநாளும் முறைப்பட்டதில்லை. கதையாகச் சொல்லிச் சிரிப்பார். கலியாணவீடொன்றில் ஒரு மாமா மேடைக்கு வந்து, தனக்கு விருப்பமான பாட்டொன்றை வாசிக்கச் சொன்னாராம். அது அந்தக் கணம் வாசித்து முடித்த அதே பாட்டு. “திருப்பியும் வாசிச்சனாங்கள். அந்த மனிசன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுது. முடிய வந்து கையைப் பிடிச்சு, ‘இப்பதான் தம்பியவை பாட்டெண்டு ஒண்டு வாசிச்சியள்’ எண்டுது!” நானும் வயிறு நோகச் சிரித்தேன். அந்த மாமாவுக்கும் எனக்கும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

என் பேச்சுகளைக் காணொளியாக்கி ஏற்றலாம் என்று சொன்னவரும் அவரே. என் பெயரில் தளம் திறந்து தந்து, இரைச்சலை நீக்கி, முதல் மூன்று பேச்சுகளை ஏற்றியும் தந்தார். பிறகு ஒவ்வொன்றின் கீழும் குறிப்பு எழுதுவார்: ‘ஒன்பதாம் நிமிடத்தில் எடுத்த மூச்சு நன்று. பதினாலாம் நிமிடத்துக் கதை போன மாதம் சொன்ன கதை.’ ஆயிரம் ‘அருமை’களுக்கிடையே அந்தக் குறிப்புகள் முள்ளாகக் குத்தின. அவற்றை நான் உள்ளூர வெறுத்தேன். ஒவ்வொரு பேச்சையும் ஏற்றிய பின் முதலில் அவற்றைத்தான் தேடினேன்.

சென்ற ஆண்டு அவருடைய பாட்டு வெந்தது.

சொல்லும் இசையும் அவருடையவை. அவருடைய தாய்வீடு தொண்டைமானாற்றில். கரையில் நின்று வலை இழுப்பவர்களின் கை போகும் வேகத்தைத் தாளமாக வைத்துக் கட்டிய சோகப் பாட்டு. இணையத்தில் ஏற்றுவதற்கு முன் சனசமூக நிலைய மண்டபத்தில் ஒரு வெளியீட்டு நிகழ்வு வேண்டும் என்று குழுவினர் நின்றார்கள். எங்கள் ஊரில் நூலோ பாட்டோ தன்பாட்டில் வெளிவந்துவிட முடியாது. வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை என ஆறு உரைகளின் முதுகில் ஏறித்தான் வரவேண்டும். இவற்றில் நயப்புரைக்கு ஒரே ஒரு சட்டம்: குறை சொல்லக்கூடாது. அது என்னிடம் தரப்பட்டது.

ஏற்புரை அவருடையது; மற்ற உரையாளர் ஐந்து பேருக்கும் பத்து நாளுக்கு முன்பே பாட்டை அனுப்பிவிட்டார். எனக்கு மட்டும் தனியே ஒரு செய்தியும் வந்தது: “நயப்புரையை விடும். எனக்கு ஒண்டு சொல்லும். ரெண்டாம் சரணம் இழுபடுதோ எண்டு ஒரு சந்தேகம். நானே போட்டதாலை எனக்குத் தெரியேல்லை. இழுபட்டால் வெட்டிப்போட்டுத்தான் ஏத்துவன். முடியுமட்டும் கேட்டிட்டுச் சொல்லும்.”

இத்தனை ஆண்டுகள் மற்றவர்களின் பாட்டை முழுவதாகக் கேட்ட மனிதர், தன் பாட்டுக்கு ஒரே ஒரு காது கேட்டார். நான் எழுதிய பதில்: “அருமை அண்ணை. இரண்டாம் சரணம்தான் உச்சம்.”

பாட்டின் சொற்களை அவர் எழுத்திலும் அனுப்பியிருந்தார். அவற்றை இருமுறை வாசித்தேன். ஒரு பேச்சாளனுக்கு அது போதும் என்று எண்ணினேன்.

அன்றைய உரையை நான் கட்டிய விதத்தில் இன்றும் எனக்கு ஒரு கேவலமான பெருமை உண்டு. ஆற்றில் தொடங்கினேன், வலைக்குப் போனேன், வலையிலிருந்து சொல்லுக்கு வந்தேன். இறுதியில் குரலைத் தாழ்த்தி, “அவையோரே, இரண்டாம் சரணத்தில் அந்த வயலின் அழுகிறது. அழுதுகொண்டே ஆற்றைக் கடக்கிறது. அது அக்கரை சேரும்போது நாம் இக்கரையில் ஈரமாக நிற்கிறோம்” என்றேன். சோகப் பாட்டென்றால் அந்த இடத்தில் வயலின்தானே வரும்! மண்டபம் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவே அவரைப் பார்த்தேன். மேடையின் மூலையில், கீபோர்ட்டுக்குப் பின்னால், ஹெட்போனை முற்றாகக் கழற்றிக் கழுத்தில் விட்டிருந்தார். இரண்டு காதும் எனக்கு. அதை என் சொல்லுக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஏற்புரை முடிந்ததும் பாட்டு மேடையில் நேரடியாக வாசிக்கப்படும் என்று அறிவித்தார்கள். எனக்குச் சாவகச்சேரியில் அடுத்த மேடை காத்திருந்தது. “நேரமின்மை காரணமாக” என்று கைகூப்பி விடைபெற்றேன். நான் மோட்டார் சைக்கிளை உதைத்த சத்தத்தில் பாட்டின் முதல் சுரமும் என் காதில் விழவில்லை.

மறுநாள் காலை மருதனார்மடச் சந்தியில், கையில் முருங்கைக்காய்க் கட்டோடு அவர் எதிரே வந்தார்.

“நேற்று நல்லாக் கதைச்சீர் ஐசே.”

“நன்றி அண்ணை. பாட்டு எப்பிடிப் போச்சுது?”

அந்தக் கேள்வி வாயிலிருந்து வெளியேறிய பிறகே அது என்ன கேள்வி என்று எனக்கு விளங்கியது. அவர் சிரித்தார். “நீர்தானே சொன்னீர், அழுதுகொண்டு ஆத்தைக் கடந்ததெண்டு.”

பிறகு குரலை உயர்த்தாமல் தொடர்ந்தார்.

“அதிலை வயலின் இல்லை ஐசே. வேணுமெண்டுதான் போடேல்லை. ஆனால் அதை விடும். உமக்கு அனுப்பின பைலிலை பாட்டே இல்லை. கிளிக் மட்டும்தான்.”

கிளிக் என்பது, தாளம் தவறாதிருக்க வாத்தியக்காரரின் காதுக்குள் மட்டும் ஒலிக்கும் ‘டிக், டிக்’ ஓசை. எந்த இடத்தில் என்ன வரும் என்று நினைவூட்டும் குரலும் அதிலேயே பதியப்பட்டிருக்கும். பாட்டைக் கோப்பாக்கும்போது, அந்தத் தடத்தைத் தனியே கேட்பதற்காக அமத்திய பொத்தானை எடுக்க மறந்துவிட்டார். வாத்தியங்களும் பாட்டும் கணினிக்குள்ளே நின்றுவிட, டிக் டிக் மட்டும் ஐந்து பேருக்கும் போயிருந்தது.

“நேற்றுக் காலமை மண்டபத்திலை சத்தம் சரிபாக்கேக்கைதான் கண்டனான். எனக்கே வெக்கமாப் போச்சு. பிறகு யோசிச்சன், பத்து நாளா அஞ்சு பேரும் நல்லாயிருக்கு எண்டவையெல்லே. ஒராளெண்டாலும், ‘உதென்ன அண்ணை, மணிக்கூடே அனுப்பினனீங்கள்?’ எண்டு கேக்கேல்லை.”

“தெரிஞ்சுகொண்டே இருந்தனீங்களா? என்னை மறிச்சிருக்கலாமே அண்ணை!”

“எப்பிடி மறிக்கிறது? நீர் கதைச்சுக்கொண்டிருந்தீர். கதைக்கேக்கை கேக்கிறதுதானே முறை.”

இந்தப் பதிலில் குத்தல் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். எதிர்வாதம் வைக்க எனக்குத் தெரியும். ஆனால் அவர் அதை முழு மனதோடு சொன்னார். முழுவதாகக் கேட்டிருந்தார், நான் இல்லாத வயலினை ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை காத்திருந்தார். அந்தப் பொறுமைமேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் ஆறவில்லை. ஒரு கை தூக்கியிருக்கலாம். ஒலிவாங்கியின் சத்தத்தைக் குறைத்திருக்கலாம். பொத்தான்கள் அத்தனையும் அவர் விரலடியில்தானே இருந்தன!

“சரியான பாட்டை இப்ப அனுப்புங்கோ அண்ணை. இண்டைக்கே கேட்டுச் சொல்லுறன்.”

அவர் முருங்கைக்காய்க் கட்டை மறுகைக்கு மாற்றினார்.

“வேண்டாம். நீர் நல்லாயிருக்கெண்டுவீர், அது மெய்யோ எண்டு எனக்கினி விளங்காது.”

இதுதான் அந்தத் தீர்ப்பு. சொல்லை மூலதனமாகக் கொண்டு வாழ்பவனிடம் அவன் சொல் செல்லாது என்று சொல்லப்பட்டது. சொல்லிவிட்டு, “வீட்டை வாரும், முருங்கைக்காய்க் கறி வைக்கிறம்” என்றும் சொன்னார். நான் போகவில்லை.

அதன் பிறகு காலையில் இணைப்புகள் வருவது நின்றது. என் காணொளிகளின் கீழ் குறிப்புகளும் நின்றன. நயப்புரையை நான் தளத்தில் ஏற்றியிருந்தேன்; என் பேச்சுகளில் அதிகம் பேர் பார்த்தது அதுதான். ‘பாட்டு எங்கே?’ என்று கீழே யார் யாரோ கேட்டிருக்கிறார்கள். பாட்டு எங்கும் இல்லை. இல்லாத பாட்டில் இல்லாத வயலின் அழுததற்கு மட்டும் இணையத்தில் நிரந்தர இடம் இருக்கிறது.

மாதங்கள் கழித்து, போன கிழமைதான் துணிந்து தெல்லிப்பழைக்குப் போனேன். மனைவி மட்டும் இருந்தார்.

“அவர் மாலைதீவுக்குப் போட்டார் தம்பி. ஹோட்டலிலை வாசிக்கிறார். ரெண்டு வருச ஒப்பந்தம். சனம் சாப்பிட்டுக்கொண்டிருக்க வாசிக்கிற வேலை.”

“அது அவருக்குச் சரிவருதே அக்கா?”

“நானும் கேட்டனான். சாப்பிடுற சனம் கேக்கிற மாதிரி நடிக்காது, அது நிம்மதி எண்டார்.”

“பாட்டு?”

“ஏத்தேல்லை. ரெண்டாம் சரணம் சரியோ பிழையோ எண்டு ஆரும் சொல்லேல்லையாம். நான் சொன்னனான், அப்பிடியே ஏத்துங்கோ எண்டு. எங்கை கேக்கிறார்? மற்றாக்களின்ரை பக்கங்களை மட்டும் அங்கையிருந்தும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார்.” பிறகு வாசல்வரை வந்து, “தேத்தண்ணி குடிக்காமல் போறீர்” என்றார். இருந்து குடிக்க எனக்கு முகமில்லை.

யாழ்ப்பாணம் போகும் பேருந்தில் யன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அவர் அன்று அனுப்பிய அந்தப் பைலை நான் அழித்ததுமில்லை, திறந்ததுமில்லை. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு திறந்தேன்.

டிக், டிக், டிக், டிக். அவருடைய குரல்: “ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு.” பிறகு “பல்லவி” என்று ஒரு சொல். பல்லவி இருக்கவேண்டிய இடம் முழுவதும் டிக் டிக். “முதலாம் சரணம்.” மறுபடியும் வெறும் ஓசை. எழுத்தில் வாசித்த சொற்களை அந்த ஓசையின்மேல் வைத்துப் பார்த்தேன். வலை இழுக்கும் கைகள் மெல்லத் தெரிந்தன. மூன்றாவது நிமிடமளவில் அவர் குரல் மறுபடி வந்தது: “ரெண்டாம் சரணம். இழுக்காதை.” தனக்குத்தானே சொன்ன எச்சரிக்கை. என் ‘ஆகவே’க்களை எண்ணிய மனிதரின் முறையில் நானும் எண்ணத் தொடங்கினேன். முடிந்ததும் பின்னுக்குத் தள்ளி முதலாம் சரணத்தையும் எண்ணினேன். அதில் அறுபத்துநான்கு. இரண்டாவதில் தொண்ணூற்றாறு. பாதிச் சரணம் கூடுதல்.

இழுபடுகிறது, வாசகரே. அவர் கேட்ட கேள்விக்கு அந்தக் கிளிக்கிலேயே பதில் இருந்தது. பாட்டு வராத கோப்பைக்கூட முழுவதாகக் கேட்ட ஒருவன், அவருக்கு வேண்டிய ஒரு வசனத்தைச் சொல்லியிருக்க முடியும். அதைச் சொல்ல எனக்குப் பத்து நாளும் ஒரு மேடையும் கிடைத்திருந்தன.

எண்ணிக்கை இரண்டையும் அவருக்கு எழுதி அனுப்பினேன். ‘அருமை’ என்ற சொல்லை அதில் சேர்க்கவில்லை. இதை எழுதும்வரை பதில் இல்லை; பதில் வராமலே போகலாம். ஆனால் அனுப்பி முடித்த கணத்தில், காதில் அந்த டிக் டிக் இன்னும் ஓடிக்கொண்டிருக்க, என்னை அறியாமல் வாய்விட்டுச் சொன்னேன். மேடைக்குப் பழக்கிய குரல். நடத்துநர் உட்படப் பேருந்து முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர்களோடு சேர்த்து இப்போது நீங்களும் சாட்சி.

“அண்ணை, இனி முடியுமட்டும் கேட்டிட்டுத்தான் கதைப்பன்.”